பின் கண்ணாடி, இரண்டு விரல்

பைன் மில்ஸ், மின்னசோட்டா
5 ஜனவரி 1986, ஞாயிறு

அன்புள்ள அப்பா,

நீங்கள் நெவாடா சுரங்கத்துக்குப் போய் இன்றோடு பன்னிரண்டு வாரம். புத்தாண்டு அன்று நீங்களும் அம்மாவும் போனில் கத்திக்கொண்ட பிறகு அம்மா போனை எடுப்பதில்லை. என்னையும் எடுக்க விடுவதில்லை. கடிதம் எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காரைப் பற்றித்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நூலகம் மூடியிருந்தது. படிக்க ஒன்றும் இல்லாமல் டாஷ்போர்டுக்குள் இருந்த கையேட்டை எடுத்து முழுவதும் படித்துவிட்டேன். அது நல்ல புத்தகம். நமக்கு அதில் பாதிகூடத் தெரியாது. முதல் பக்கத்திலேயே, 'இந்த வாகனத்தின் பாதுகாப்பு அதன் உரிமையாளராகிய உங்கள் பொறுப்பு' என்று போட்டிருக்கிறது. உங்களிடம் நேரில் பேசுவதுபோல இருந்தது.

விஷயம் இதுதான். அம்மா காலை ஐந்து மணிக்கு முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்புகிறாள். முப்பத்தெட்டு மைல். சின்னவள் மார்லிஸைத் தூக்கத்தோடு போர்வையில் சுற்றி, வேகனில் பின்சீட்டுக்குப் பின்னால் டிக்கிக் கண்ணாடி பக்கம் இருக்கும் பின்தட்டில் படுக்க வைத்து, அந்த ஊரில் ஃபெர்ன் சித்தி வீட்டில் விடுகிறாள். சித்தி அவளை அங்கிருந்து பள்ளிக்கு அனுப்புகிறாள். டிசம்பரிலிருந்து காருக்குள் புகை வாசனை வருகிறது. அம்மாவுக்குத் தலைவலி. மார்லிஸ் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். "வண்டியில படுத்துக்கிட்டுப் படப்புத்தகம் பார்க்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று அம்மா அவளைத் திட்டினாள். ஆனால் மார்லிஸ் படப்புத்தகம் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் இருட்டாக இருக்கும், அப்பா.

61-ஆம் பக்கத்தில், காருக்குள் புகை வாசனை வந்தால் தாமதிக்காமல் ஒரு மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லியிருக்கிறது. அக்டோபரில் நீங்கள் தக்காளி சூப் டப்பாவை வெட்டிப் புகைக்குழாயில் சுற்றி, இரண்டு கவ்வி போட்டு முடுக்கினீர்களே, அந்த இடமாக இருக்குமோ? நான்தான் டார்ச் பிடித்தேன். அதைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு முதல் மதிப்பெண் கிடைத்தது என்று முன்பே எழுதியிருந்தேன்.

ஸூபானின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "கார் அவர் பேர்ல இருக்கு. நான் கை வெச்சா நாளைக்கு நான்தான் கெடுத்தேம்பாரு. அவரையே கேளு" என்றாள்.

அதனால் கேட்கிறேன். கொண்டுபோகலாமா?

உங்கள் மகள்,
சில்வி


எல்கோ, நெவாடா
12 ஜனவரி

சில்விக் கண்ணு,

லெட்டர் வந்துச்சு. எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன். சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பிடாதே.

இங்க ஒரு ட்ரெய்லர்ல நாலு பேர் கிடக்கறோம். ஒருத்தன் புரண்டு படுத்தா மத்த மூணு பேரும் எழுந்துக்கணும். சமையல் என் முறை வந்தா எல்லாரும் வெளியில சாப்பிடப் போயிடறானுங்க.

கார் பத்தி. ஸூபான்கிட்ட கொண்டுபோகாதே. புரியுதா? ரெண்டு வருஷம் முன்னாடியே, "ராய், அந்தக் குழாயை மாத்து, ஒட்டுப் போடாதே"ன்னு பத்துப் பேர் முன்னாடி சொன்னான். எனக்குத் தெரியும்டான்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப அவன் அடியில படுத்து அந்த டப்பாவைப் பார்த்தான்னு வை, ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு எல்லாரும் குடிக்கற காப்பிக்கு ஒரு மாசத்துக்கு நான்தான் பலகாரம். ஊரை விட்டு வந்தவனை ஊர் எப்படிப் பேசும்னு உனக்குத் தெரியாது.

டப்பா நல்லாத்தான் இருக்கும். நான் முடுக்கினது. எங்கப்பா அப்படித்தான் ஒட்டுவார். இந்தப் பக்கத்துல பாதிக் கார் அப்படித்தான் ஓடுது. வாசனை வந்தா டிக்கிக் கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி வை. முன்னாடி இருக்கற வாசனை பின்னாடி போயிடும். அவ்வளவுதான்.

ராத்திரி எஞ்சின் உறையாம இருக்க அந்த ஹீட்டர் ஒயரை ப்ளக்ல சொருகறாளா உங்கம்மா? குளிர்காத்து அடிக்காம ரேடியேட்டர் முன்னாடி அட்டை வெச்சிருக்கா? பனியில வழுக்காம இருக்கப் பின்னாடி மணல் மூட்டை ரெண்டு போடச் சொல்லு. அதெல்லாம்தான் முக்கியம்.

ஏப்ரல்ல வர்றேன். வந்து குழாயையே மாத்திடறேன்.

அப்பா


பைன் மில்ஸ்
18 ஜனவரி, சனி

அன்புள்ள அப்பா,

எஞ்சின் ஒயரை நானே தினமும் சொருகுகிறேன். ஒரு நாள் அம்மா அதைப் பிடுங்காமல் கிளம்பிவிட்டாள். ஒயர் வாலைப்போல இழுபட்டுக்கொண்டே தெருமுனைவரை போனது. நான் கத்திக்கொண்டே ஓடினேன். மார்லிஸ் பின்னாலிருந்து எனக்கு டாட்டா காட்டினாள். அம்மா அன்று நெடுநாளுக்குப் பிறகு சிரித்தாள். அட்டை வைத்தாயிற்று. மணல் மூட்டையும் போட்டாயிற்று.

கண்ணாடி விஷயத்தில் ஒரு சந்தேகம். 63-ஆம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இப்படி இருக்கிறது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்: 'பின்கதவையோ பின்கண்ணாடியையோ திறந்து வைத்து ஓட்டாதீர்கள். வெளியேறும் புகை காருக்குள் இழுக்கப்படும்.' ஓடும் காருக்குப் பின்னால் காற்று சுழன்று உள்ளே திரும்புமாம். அம்புக்குறி போட்டுப் படமும் இருக்கிறது. நீங்கள் சொல்வதற்கு இது நேர் எதிராக இருக்கிறது. எது சரி?

இன்னும் அம்மாவிடம் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைக் காட்டினால் படிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாள். நீங்கள் சொன்னதாக எது சொன்னாலும், "அங்க உட்கார்ந்துக்கிட்டு இங்க வண்டி ஓட்டறாரா?" என்கிறாள்.

அம்மாவுக்குத் தலைவலி வரும் நாட்களை நோட்டில் குறிக்கிறேன். வேலை நாட்களில் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. வேலைக் களைப்பு என்கிறாள். இருக்கலாம்.

மார்லிஸ் வழியெல்லாம் பாடுகிறாளாம். வரிகள் தெரியாத இடத்தில் நம் நாயின் பெயரைப் போட்டுக்கொள்கிறாள். அம்மா முன்னாலிருந்து, "பின்னாடி ரேடியோவை யாராவது அணைங்கப்பா" என்று சொன்னால் இன்னும் சத்தமாகப் பாடுகிறாளாம்.

கண்ணாடியைப் பற்றிச் சீக்கிரம் எழுதுங்கள்.

சில்வி


எல்கோ
25 ஜனவரி

புரொபசர் அம்மா அவர்களுக்கு,

அந்தப் புத்தகத்தை எழுதினவன் கோட்டு போட்டுக்கிட்டு ரூம் ஹீட்டர் பக்கத்துல உட்கார்ந்து எழுதினவன். மைனஸ் முப்பதுல ஒரு நாள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருப்பானா? நாளைக்கு எவனாவது கேஸ் போடுவானேன்னு எல்லாப் பக்கத்துலயும் பயமுறுத்தி வைப்பானுங்க. கதவை மூடும்போது விரலை வைக்காதேன்னு ஒரு பக்கம் இருக்குமே, இருக்கா இல்லையா?

நான் இருபது வருஷமா ஓட்டறேன். நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து பனிப்புயல்ல உன்னைக் கொண்டுவந்தது நான்தான். எந்தப் பக்கத்தையும் பார்த்துக்கிட்டு ஓட்டலை.

ரெண்டு விரல். அதுக்கு மேல இறக்கினா குழந்தைக்குக் குளிரும். உங்கம்மாகிட்ட எப்படிச் சொல்வியோ சொல்லு, நீதான் புத்திசாலியாச்சே.

உங்கம்மாதான் என்னை நம்பறதில்லை. நீயுமா? என்னை நம்பறியா, புத்தகத்தை நம்பறியா?

அப்பா


பைன் மில்ஸ்
2 பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள அப்பா,

உங்களைத்தான் நம்புகிறேன். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க வேண்டாம்.

வியாழக்கிழமை சொன்னபடி செய்தேன். அம்மாவிடம் சொல்லும்போது ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் வாசனை போய்விடும் என்றேன்.

"யாரு சொன்னா? அவரா?"

"இல்லம்மா. கையேட்டுல போட்டிருக்கு."

அம்மா உடனே சரி என்றுவிட்டாள். நான் படித்துச் சொன்னால் அவள் நம்புவாள். விரலை வைத்து அளந்து நானே இறக்கினேன். டிக்கிக் கண்ணாடியின் சுவிட்ச் உறைந்து போயிருந்தது. உள்ளங்கையை வைத்துச் சூடேற்றினேன்.

நீங்கள் சொன்னதுபோலவே முன்னால் இப்போது வாசனை இல்லையாம். 'புத்தகம் படிக்கிற பொண்ணால ஒரு லாபம்' என்று அம்மா ஃபெர்ன் சித்தியிடம் போனில் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. 63-ஆம் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்க்கக்கூடாது என்று கையேட்டை டாஷ்போர்டுக்குள் வைத்துவிட்டேன்.

மார்லிஸும் இப்போது வாந்தி எடுப்பதில்லை. ஏறிய கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறாளாம். பாட்டு இல்லை. சித்தி வீட்டு வாசலில் நாலு தடவை உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது என்று அம்மா சொன்னாள். குளிர்காலத்தில் குழந்தைகள் அதிகம் தூங்குவார்கள் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் தலைவலி மட்டும் நிற்கவில்லை.

சில்வி


எல்கோ
9 பிப்ரவரி

என் தங்கமே,

சொன்னேனா இல்லையா? ரெண்டே விரல்! அந்தக் கோட்டுக்காரனுக்கு ஒரு லெட்டர் போடு. 63-ஆம் பக்கத்தைக் கிழிச்சுட்டு என் பேரைப் போடச் சொல்லு.

மார்லிஸ் தூங்கறாளா, நல்லது. வண்டி ஆடினா எந்தக் குழந்தையும் தூங்கும். நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப அழுகையை நிறுத்த நடு ஜனவரியில ஏரியைச் சுத்தி ஓட்டியிருக்கேன். அவளுக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வெச்சிருக்கேன். சாவி கொடுத்தா பாடும். ஏப்ரல்ல கொண்டுவர்றேன். சொல்லிடாதே.

உங்கம்மா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?

அப்பா


டுலூத்
16 பிப்ரவரி, ஞாயிறு

அப்பா,

உங்கள் ஒன்பதாம் தேதிக் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டுத் திருமதி நைபர்க் இங்கே மருத்துவமனைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதை நான் வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். இனி ஒருபோதும் அதைப் படிக்க மாட்டேன்.

சித்தி உங்கள் சுரங்க அலுவலகத்துக்குத் தகவல் சொல்லியிருக்கிறாள். மூன்று நாள் கழித்து நீங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்து நர்ஸிடம் பேசினீர்களாம். அதனால் உங்களுக்கு விஷயம் தெரியும். எப்படி நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை மரம் ஏற்றி வந்த ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே மடங்கி நின்றுவிட்டது. பின்னால் எல்லாக் கார்களும் நின்றன. மைனஸ் இருபத்தெட்டு. ஒருவரும் எஞ்சினை அணைக்கவில்லை. அம்மாவும் அணைக்கவில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க அம்மா இரண்டு மூன்று தடவை இறங்கிப் போனாள், அதனால் அவளுக்குக் கொஞ்சம் நல்ல காற்று கிடைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மார்லிஸ் பின்தட்டில் படுத்திருந்தாள். கண்ணாடி அவள் தலைக்கு மேலே இரண்டு விரல் திறந்திருந்தது. முக்கால் மணி நேரம்.

பின்னால் இருந்த காரின் டிரைவர்தான் முதலில் பார்த்திருக்கிறார். அவர் எங்கள் காரின் பின்கண்ணாடியைத் தட்டி, "என்னம்மா, குழந்தை இப்படிப் படுத்திருக்கு?" என்று கேட்டாராம். அம்மா, "தூங்குமூஞ்சி, அது எழுந்திருக்காது" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அம்மா அழுகிறாள்.

62-ஆம் பக்கத்தில் இருந்தது, அப்பா. 61-ஐயும் படித்தேன், 63-ஐயும் படித்தேன். நடுவில் இருந்ததையும் படித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. புகையோடு வரும் விஷ வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. வாசனை போனதால் அது போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

மார்லிஸ் கண்ணைத் திறக்கிறாள். யாரையும் பார்ப்பதில்லை.

இன்னொன்று. கண்ணாடி ஏன் திறந்திருந்தது என்று நர்ஸ் கேட்டார். அம்மா சொன்னாள்: "என் பெரிய பொண்ணு புத்தகத்தைப் படிச்சுச் சொன்னா. அவ எதையும் சரியாப் பார்த்துத்தான் சொல்வா." நான் பக்கத்திலேயே நின்றேன். நர்ஸ் என்னைப் பார்த்தார்.

நீங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னதாகச் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை.

சில்வி


எல்கோ
22 பிப்ரவரி

சில்வி,

எனக்குத் தூக்கமே இல்லை. வரணும்னுதான் பார்க்கறேன். லீவு போட்டா வேலை போயிடும்னு ஃபோர்மேன் சொல்லிட்டான். வேலை போனா ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸும் போயிடும். யோசிச்சுப் பாரு.

நடந்ததுக்கு யாரையும் குத்தம் சொல்லி லாபம் இல்லை. ஆனா முக்கால் மணி நேரம் எஞ்சினை ஓட விட்டது யாரு? குழந்தையை அங்க படுக்க வெச்சது யாரு? நாலு தடவை உலுக்கி எழுப்பணும்னா ஒரு தாய்க்குச் சந்தேகம் வர வேண்டாமா? நீ எழுதினப்ப எனக்கு அது பெரிசாத் தெரியலை. நான் ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால இருக்கேன், எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு விரல்னு சொன்னது ஓடற வண்டிக்கு. நிக்கற வண்டிக்கு நான் சொல்லவே இல்லை.

உங்கம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்லாதே. நான் சொன்னேன்னு தெரிஞ்சா அவ வாசல் கதவைக்கூடத் திறக்க மாட்டா. நீ சொன்னதா இருந்தா உன்னை அவ மன்னிச்சுடுவா. சின்னப் பொண்ணு. என்னை மன்னிக்க மாட்டா. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.

காரை ஸூபான்கிட்ட இழுத்துட்டுப் போனாங்கன்னு கேள்விப்பட்டேன். அதை எடுத்துட்டு வந்து ஷெட்டுல வைக்கச் சொல்லு. வண்டி என் பேர்ல இருக்கு, என்னைக் கேக்காம யாரும் கை வைக்கக்கூடாது. ஏப்ரல்ல வந்து நான் பார்த்துக்கறேன்.

அப்பா


பைன் மில்ஸ்
16 மார்ச், ஞாயிறு

அப்பா,

மார்லிஸ் போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கிறாள், ஆனால் சுவரைத் தொட்டுக்கொண்டு. இடது கையில் ஸ்பூன் நிற்பதில்லை. என்னை ஃபெர்ன் என்று கூப்பிடுகிறாள். நாயைச் சரியாகக் கூப்பிடுகிறாள். பாடவும் செய்கிறாள். ராகம் முழுவதும் சரியாக இருக்கிறது, வார்த்தைகள்தான் இல்லை. எல்லா இடத்திலும் நாயின் பெயர்தான் வருகிறது. அடுத்த வருடத்துக்குள் கொஞ்சம் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு என்று அம்மா கேட்டாள். அவர் அடுத்த மாதம் மறுபடி கூட்டிவரச் சொன்னார்.

அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் சமையலறை மேசையில் வைத்தேன். கையேட்டையும் வைத்தேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள்.

63-ஆம் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். அவளுக்குப் படிக்க நேரமாகும். அம்புக்குறிகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு உங்கள் கடிதங்களைப் படித்தாள். 'குழந்தையை அங்க படுக்க வெச்சது யாரு' என்ற இடத்தில் நிறுத்தி, "இது நெஜந்தான்" என்றாள். வேறு எதற்கும் அவள் அப்படிச் சொல்லவில்லை. 'நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்' என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"இனிமே எது சொன்னாலும் யாரு சொன்னாங்கன்னு சேர்த்துச் சொல்லு," என்றாள். "புத்தகம் சொன்னா புத்தகம். அவர் சொன்னா அவர். உனக்கே தோணினா உனக்கே தோணுச்சுன்னு சொல்லு. நான் யாரை நம்பணும்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

அன்றிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன். பால் புளித்துவிட்டது என்பதைக்கூட அப்படித்தான் சொல்கிறேன். அம்மா என்னைத் திட்டுவதில்லை. ஆனால் நான் ஏதாவது சொன்னால் அவளே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறாள். முன்பெல்லாம் போய்ப் பார்க்க மாட்டாள். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

ஸூபான் காரை மேலே தூக்கி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கவ்விகள் இரண்டும் தளர்ந்திருந்தன. டப்பாவில் துருவோடு என் சுண்டு விரல் போகும் ஓட்டைகள். சாலையில் போடும் உப்பு மூன்று மாதத்தில் தின்றுவிட்டது. "பல்லு அழுகிக் கிடக்கு, மேல சாயம் பூசியிருக்கான் பாரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடு பாப்பா, என் கார்லயும் ஒரு காலத்துல இதுதான் இருந்துச்சு" என்றார்.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான்கு ஞாயிறு சர்ச்சில் காப்பி நடந்துவிட்டது. யார் யாரோ பன்றிக்கறி வறுவல் கொண்டுவந்து கொடுத்தார்கள், மார்லிஸைக் கேட்டார்கள். ஸூபான் மூலையில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டார். டப்பா என்ற பேச்சே வரவில்லை. ஜனவரியில் கொண்டுபோயிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும், அப்பா. நீங்கள் பயந்தது நடந்திருக்காது.

காரை ஷெட்டில் வைக்கவில்லை. அது ஸூபான் கொல்லையில் நிற்கிறது. அதை உடைத்துப் போட உரிமையாளர் கையெழுத்து வேண்டும். பத்திரம் இதோடு இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். போட்டு அனுப்புங்கள். இது அம்மா சொன்னது. ஏப்ரலில் வர வேண்டாம் என்பதும் அம்மா சொன்னது.

பாட்டுப் பெட்டியை அனுப்ப வேண்டாம். அது நான் சொல்வது.

நீங்கள் கேட்டீர்களே, உங்களை நம்புகிறேனா, புத்தகத்தை நம்புகிறேனா என்று. அந்தக் கேள்வி கேட்டவுடன் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அது என் தப்பு. அதை நான் உங்கள் மேல் போடவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதை மட்டும் உங்கள் மேல் போடுகிறேன்.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் எடுக்க வேண்டாம் என்றாள்.

பத்திரத்தையும் இந்தக் கடிதத்தையும் ஒரு பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். அதில் துணியில் சுற்றி இன்னொன்றும் இருக்கும். ஸூபானிடம் கேட்டு வாங்கினேன். திறந்தவுடன் உங்களுக்குத் தெரியும். விளிம்பு கூர்மை, கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள்.

அக்டோபரில் நீங்கள் குழாயை ஒட்டிய அன்று வீட்டில் காலி டப்பா இல்லை. அதனால் காலை பத்து மணிக்கு நீங்கள் எங்களுக்குத் தக்காளி சூப் காய்ச்சிக் கொடுத்தீர்கள். எனக்குப் பாதிக் கிண்ணத்தில் வயிறு நிறைந்துவிட்டது. சூப்பைக் குடித்து முடித்தால்தான் உங்களுக்கு டப்பா கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் மார்லிஸ்தான் குடித்தாள்.

சில்வி